யாரிடமிருந்து பாதுகாக்க இந்த கேட்?

கடந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. சென்னையின் புறநகர் ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கூட்டம் காலை பதினொரு மணிக்கு, ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அண்ணல் அம்பேத்கரின் படம், சாமந்தி மாலையோடு. உள்ளே அறுபது பேர் இருக்கலாம். முன்வரிசை முழுக்க குடியிருப்போர் நலச்சங்கத்துக்காரர்கள்.

குப்பை வண்டி வரும் நேரம், தெருநாய், நடைபாதைக் கடைகள் என்று ஒரு மணி நேரம் போனது. பிறகு ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கினார். "ராத்திரி பத்து மணிக்கு மேல கால்வாய்க்கரைப் பக்கமிருந்து பசங்க பைக்ல வர்றாங்க சார். யாரு என்னன்னே தெரியல. அந்தச் சந்து முனையில ஒரு கேட் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி. செலவை எங்க சங்கமே ஏத்துக்கும்" என்றார். கைதட்டல் எழுந்தது. கவுன்சிலர் குறித்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்கா கதவோரம் நின்றிருந்தார். டீ கொடுத்து முடித்த கப்புகளை ஒரு பையில் சேகரித்துக்கொண்டிருந்தார். அவர் வீடு அந்தக் கால்வாய்க்கரையில்தான். கூட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"ஏங்க்கா, கேட் போடறதா பேசுனாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன் தம்பி. அதைப் பூட்டிட்டா காலையில அஞ்சு மணிக்கு நான் எப்படி வேலைக்கு வர்றது? மெயின் ரோடு சுத்தித்தான் வரணும்."

"அப்புறம் ஏன் உள்ளே சொல்லல?"

"நான் கூட்டத்துக்கு வரல தம்பி. வேலைக்கு வந்தேன்."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான். ஏனென்றால் சட்டப்படி அவர் சொன்னது தவறு. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் பகுதி சபையின் அங்கம். முன்வரிசைப் பெரியவருக்கு அந்த மைக்கின் மீது எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை அக்காவுக்கும் உண்டு. ஆனால் நடைமுறைப்படி அவர் சொன்னது முழு உண்மை.

பகுதி சபை என்றால் என்ன என்று பல தோழர்களுக்கே தெரியாது. கிராமங்களுக்கு கிராம சபை உண்டு. அதைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். நகரங்களுக்காக 1992இல் நிறைவேற்றப்பட்ட 74வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி மக்களும் கூடி, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, பாதுகாப்பு என்று தங்கள் தேவைகளைச் சொல்ல வேண்டும். அந்தத் தேவைகள் வார்டு குழுவுக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள்: ஜனவரி 25 வாக்காளர் நாள், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள், டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள்.

தேதிகளை அழகாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் அம்பேத்கர் பிறந்தநாளில், அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, சேரியிலிருந்து வரும் பாதைக்கு கேட் போடலாமா என்று ஒரு சபை விவாதிக்க முடிகிறது. யாருக்கும் அது உறுத்தவும் இல்லை.

"சார், இதுல எங்க சாதி வந்துச்சு? பாதுகாப்பு விஷயம்" என்பார்கள். அன்றும் ஒருவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். அவருக்காகவும் நமக்காகவும் மேட்டுப்பாளையத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பர் 2 அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு சுவர் இடிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. ஏறக்குறைய இருபது அடி உயரம். தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அனைவரும் ஒடுக்கப்பட்ட அருந்ததிய மக்கள். ஒரு வளாகத்தின் சொந்தக்காரர் தன் பாதுகாப்புக்கென எழுப்பிய சுவர் அது. தங்களைத் தள்ளிவைக்க எழுந்த தீண்டாமைச் சுவர் என்றே அந்த மக்கள் அதைச் சொன்னார்கள். அது ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே முறையிட்டும் யாரும் கேட்கவில்லை என்றார்கள். நீதி கேட்டுப் போராடியவர்கள் மீது தடியடி நடந்தது, கைதுகளும் நடந்தன.

இதில் நாம் அதிகம் பேசாத ஒரு செய்தி இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஒரு நகராட்சி. ஆனால் அந்த 2019 டிசம்பரில் அங்கே ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் நகரங்களை அதிகாரிகள் மட்டுமே நிர்வகித்தார்கள். சுவரைப் பற்றிப் புகார் சொல்ல நடூர் மக்களுக்கு ஒரு வார்டு உறுப்பினர் இல்லை, ஒரு சபை இல்லை. வசதியுள்ளவருக்கு உள்ளாட்சி இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஆணையரைத் தொலைபேசியில் பிடிக்க அவருக்கு ஆள் இருக்கும். உள்ளாட்சி இல்லாமல் போனால் உயிரைக் கொடுப்பது நடூர்தான்.

அதனால்தான், "இந்த சபையெல்லாம் கண்துடைப்பு தோழர், அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்ற பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. நம் தோழர்களில் பலர் அப்படிச் சொல்கிறார்கள். கண்துடைப்புதான். ஆனால் நாம் போகாததால் அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. கேட் கேட்பவர்கள் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

குடியிருப்போர் நலச்சங்கம் என்பது என்ன? சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட்ட ஒரு தனியார் அமைப்பு. பெரும்பாலான சங்கங்களில் வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் சந்தா கட்டலாம், வாக்களிக்க முடியாது. கால்வாய்க்கரையில் பட்டா இல்லாமல் இருப்பவருக்குச் சங்கமே இல்லை. இந்த ஊரில் நிலம் யார் கையில் சேர்ந்தது, எந்தச் சாதிக்கு எந்தத் தெருவில் வீடு கிடைத்தது, "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்காமல் எத்தனை வீடு வாடகைக்குக் கிடைக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். சொத்தை வைத்து உறுப்பினரைத் தீர்மானிக்கும் சங்கம், சாதி என்ற சொல்லையே உச்சரிக்காமல் சாதிச் சங்கமாக இருக்க முடியும். அவர்கள் சங்கம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சங்கமே "மக்கள்" என்று எடுத்துக்கொள்ளப்படுவதுதான் பிரச்சினை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசமைப்பை முன்வைத்த அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்காமல் தனிமனிதரை ஏற்றதை நியாயப்படுத்திப் பேசினார். உள்ளூர்க்காரர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் அது தானாக ஜனநாயகம் ஆகிவிடாது. உள்ளூரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கைக்குத்தான் அது போகும் என்பது அவருக்குத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996இலிருந்து பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்தார்கள். மேலவளவில் வென்ற தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997இல் வெட்டிக் கொன்றார்கள். நகரத்தில் அரிவாள் தேவைப்படுவதில்லை. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் போதும்.

இட ஒதுக்கீடு என்ன செய்யும் என்பதற்கும் 2022 தேர்தலே சாட்சி. ஒதுக்கீடு இருந்ததால்தான் சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர் கிடைத்தார். ஆனால் மேயர் நாற்காலிவரை வந்த அந்தக் கொள்கை எங்கள் தெருமுனைக்கு வரவில்லை. பகுதி சபைக்கான பிரதிநிதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை; மன்றம் நியமிக்கிறது. நியமனம் என்றால் கவுன்சிலருக்கு வேண்டியவர், கட்சிக்காரர், சங்கத் தலைவர். எங்கள் பகுதிப் பிரதிநிதி யார் என்று கால்வாய்க்கரையில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் நியமனக்காரர்கள் அதிகாரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பு 1993இல் ராமநாதபுரத்தில், மக்களுக்கும் காவல்துறைக்கும் நல்லுறவு என்று சொல்லித்தான் தொடங்கப்பட்டது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையச் சித்திரவதையில் கொல்லப்பட்ட பிறகு, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, அரசே அதற்குத் தடை விதிக்க நேர்ந்தது. யாரைச் சந்தேகப்படலாம் என்று சொல்லும் அதிகாரத்தை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருவர் கையில் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

அப்படியானால் அந்தப் பெரியவரின் பயம் பொய்யா? இல்லை. எங்கள் தெருவில் சங்கிலிப் பறிப்பு நடந்திருக்கிறது. என் அம்மாவும் அந்தத் தெருவில்தான் நடக்கிறார். ஆனால் நான் கால்வாய்க்கரைக்குப் போய்க் கேட்டபோது அங்கேயும் பெண்கள் பயத்தைத்தான் சொன்னார்கள். அந்தச் சந்தில் மூன்று விளக்குக் கம்பங்கள், மூன்றும் எரியவில்லை. இரவு வேலை முடித்துவரும் பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில்தான் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு பக்கமும் அதே சந்து, அதே இருட்டு, அதே பயம். விளக்கு எரிந்தால் இரண்டு பக்கமும் பாதுகாப்பு. கேட் போட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் பாதுகாப்பு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கமே ஆபத்து. கேட் யோசனை சபையில் எழுந்து, விளக்கு யோசனை எழாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். விளக்கு இல்லாதவர்கள் அந்த அறையில் இல்லை. ஒருவர் இருந்தார், டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாக்கடைப் பேச்சும் இப்படித்தான். சபையில் எப்போதும் நாற்றத்தைப் பற்றிப் பேசுவார்கள், அதில் இறங்குபவரைப் பற்றிப் பேச மாட்டார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கினால் அரசு மட்டுமல்ல, இறக்கிய அடுக்குமாடிச் சங்கமும் குற்றவாளிதான். கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. எங்கள் பகுதியில் யாரும் ஆளை இறக்கமாட்டோம் என்று ஒரு பகுதி சபை தீர்மானம் போட்டால், அது எந்த சிசிடிவி கேமராவையும்விடப் பெரிய பாதுகாப்பு.

செப்டம்பர் 15 கூட்டத்துக்கு நாங்கள் தயாராகப் போனோம். கால்வாய்க்கரையிலிருந்து பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். அன்றைக்கும் பகல் கூட்டம்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். அக்காவுக்கு அன்று வேலை. அவருடைய மகள் வந்து, விளக்குக் கம்பங்களின் எண்களை எழுதிய தாளோடு மைக்கைப் பிடித்தார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. இப்போது ஒரு விளக்கு எரிகிறது. இரண்டு எரியவில்லை. கேட் கோரிக்கை இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது. வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் அதன்பிறகு யாரும் "கால்வாய்க்கரைப் பசங்க" என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லவில்லை.

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. நியமனத்தை ஒழித்து, பகுதிப் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும்; பட்டியல் சாதி மக்களுக்கும் பெண்களுக்கும் அங்கேயும் ஒதுக்கீடு வேண்டும். கூட்டம் மாலையில் நடக்க வேண்டும். நான்கில் இரண்டு கூட்டமாவது கால்வாய்க்கரையிலும் குடிசைப்பகுதியிலும் வாரியக் குடியிருப்பிலும் நடக்க வேண்டும். தீர்மானங்களை எழுதி, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பொதுப்பாதையை அடைக்கும் எந்தக் கோரிக்கையையும், அந்தப் பாதையில் நடப்பவர்கள் இல்லாத கூட்டத்தில் எடுக்கக் கூடாது.

நம்மிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. உங்கள் வார்டு எண் என்ன? உங்கள் பகுதிப் பிரதிநிதி யார்? போன கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள்? தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ஆணவக் கொலைக்கு எதிராகத் தெருவில் இறங்கும் நாம், நம் தெருவில் எந்தச் சந்தை அடைக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்கக் கூடாது.

டிசம்பர் 10 வருகிறது. கேட் கோரிக்கையும் மீண்டும் வரும். அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். "அன்னிக்கு லீவு போட்டுடறேன் தம்பி, நானே வந்து பேசறேன்" என்றார். டீயை வேறு யாராவது கொடுக்கட்டும்.