காது சொல்லுதா, விலை சொல்லுதா?

ஓசூர் சிப்காட்டில் ஒரு பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்வாரா? மைக்ரோமீட்டர் வைத்துத்தான் முடிவு. அதே ஆள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கர் ஒயர் வாங்கும்போது மட்டும், ‘காதே சொல்லுதே!’ என்று போனஸ் பணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்.

ஒயரை விடுங்கள், டிஸ்க்கிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ பிரியர்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலி அப்படியே வருகிறதா, சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கி வருகிறதா என்று காதால் மட்டுமே கேட்டுச் சொல்ல வேண்டும். 2007-ல் வெளியான முடிவு: 554 முறையில் 276 மட்டுமே சரி. பூவா தலையா போட்டாலும் இதுதான் வந்திருக்கும்!

யாரும் பொய் சொல்லவில்லை. விலை தெரிந்துவிட்டால் காதும் அதற்கேற்பக் கேட்கும். சத்தம் துளி கூடினாலே ‘தெளிவு’ என்று தோன்றும். (ஸ்பீக்கரையே மாற்றினால் வித்தியாசம் நிஜமாகவே கேட்கும், அது வேறு.)

வாங்கும் முன் ஒரே சத்தத்தில், உங்களுக்குத் தெரியாமல் ஒயரை மாற்றிப் போடச் சொல்லி 10 முறை கேளுங்கள். ஒன்பது சரியென்றால் வாங்கலாம். ஐந்தோ ஆறோ என்றால், போதிய தடிமனுள்ள சாதாரண செம்பு ஒயரே போதும்.