பழைய பாராளுமன்றமும் கடைக்காரனின் கடன் கொப்பியும்

வெலிமடையில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கொழும்பு என்றால் நாலைந்து வீதிகள்தான். கெய்சர் வீதி, மெயின் வீதி, குறுக்குத் தெருக்கள். விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவோம். சரக்கைப் பார்த்து, விலை பேசி, லொறிக்குப் போட்டுவிட்டு, லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்போம். அத்தோடு கொழும்பு முடிந்தது. முப்பது வருடங்களாக நானும் அப்படித்தான் போய் வந்திருக்கிறேன்.

சென்ற பாடசாலை விடுமுறையில் இளைய மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று வேலை முன்னதாகவே முடிந்துவிட்டது. கடல் பார்க்க வேண்டும் என்றான். காலி முகத்திடலுக்கு நடந்தே போனோம். திடலின் வடக்குப் பக்கத்தில், பெரிய தூண்களும் அகன்ற படிக்கட்டும் சிலைகளுமாக நிற்கும் கட்டடத்தைக் காட்டி, "வாப்பா, இது என்ன?" என்று கேட்டான்.

"பழைய பாராளுமன்றம். இப்ப ஜனாதிபதி செயலகம்."

"அப்ப இங்க என்ன நடந்தது?"

சட்டம் போட்டார்கள் என்றேன். என்ன சட்டம் என்று கேட்டான். அங்குதான் எனக்கு வாய் அடைத்துப் போனது. வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். ஆனால் ஊர் வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யோசிக்க யோசிக்க, எமது கடையின் சரித்திரத்தில் பாதி அந்தக் கட்டடத்துக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது விளங்கியது.

கட்டடத்தின் கதை

1930 ஜனவரி 29ஆம் திகதி, ஆளுநர் சேர் ஹேர்பட் ஸ்டான்லி இதனைத் திறந்துவைத்தார். முதலில் சட்டசபை இங்கு கூடியது. 1931 இல் சர்வஜன வாக்குரிமை வந்த பின் அரசாங்க சபை கூடியது. 1947 ஒக்டோபர் 14ஆம் திகதி பிரதிநிதிகள் சபையின் முதல் கூட்டமும் இங்குதான் நடந்தது. 1972 இல் அது தேசிய அரசுப் பேரவையாகி, 1978 இல் பாராளுமன்றம் என்ற பெயரைப் பெற்றது. 1982 ஏப்ரல் 29ஆம் திகதி, ஜெப்ரி பாவா வடிவமைத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே கட்டடம் திறக்கப்பட்டதும் சபை அங்கு போய்விட்டது. ஆக, 52 வருடங்கள் இந்த நாட்டின் தலைவிதி அந்தத் தூண்களுக்குப் பின்னால்தான் பேசப்பட்டது.

எம்மவர்களுக்கும் அங்கு பங்கிருந்தது. ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த ரி.பி. ஜாயா அங்கு பேசியவர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். 1956 இல் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தவர் எச்.எஸ். இஸ்மாயில். பழைய கட்டடத்தின் கடைசிச் சபாநாயகரும், புதிய கட்டடத்தின் முதல் சபாநாயகரும் ஒருவரே. அவர் பேருவளை தந்த எம்.ஏ. பாக்கீர் மாக்கார். எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளைகள் இருக்கட்டும், எமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைக்குள் நுழைந்த சட்டங்கள்

கடை நடத்துபவன் அரசியல் பேசக்கூடாது என்று மர்ஹூம் வாப்பா சொல்வார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் அரசியலிடம் போகாவிட்டாலும் அது எம்மிடம் வந்துவிடுகிறது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா அந்தச் சபைக்குப் போனார். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே சபையில் நிறைவேறியது. 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகி, வாக்கையும் இழந்தார்கள். 1952 தேர்தலில் அந்த 7 ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இது தோட்டத்து ஆட்களின் விவகாரம், எமக்கென்ன என்று அன்று பலர் இருந்திருப்பார்கள். ஆனால் ஊவாவின் கடைகள் யாரை நம்பி நடந்தன? தோட்டத்துச் சம்பள நாளை நம்பித்தானே நடந்தன? இந்தியாவிலிருந்து வந்து இங்கு வியாபாரம் செய்த முஸ்லிம்களும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டி வந்தது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று, மூட்டை பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள்.

1970களில் எமது கடையில் நடந்ததை வாப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். கப்பலேறப் பெயர் வந்த ஒரு தோட்டக் குடும்பத்தின் பெரியவர், போவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் கடைக்கு வந்தாராம். "மொதலாளி, என்ட கணக்கப் பாருங்க" என்றாராம். கொப்பியைப் புரட்டி வாப்பா தொகையைச் சொல்ல, மனைவியின் கம்மலை விற்ற காசிலிருந்து எண்ணிக் கொடுத்தாராம். வேண்டாம், வழிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று வாப்பா சொல்லியும் கேட்கவில்லையாம். "கடனோட கடல் தாண்டக் கூடாது" என்றாராம். கடனை எழுதிவைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. எழுதப்பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்பதை அந்த மனிதர் வாப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போனார். அப்படிப்பட்டவர்களைத்தான் இந்த நாட்டுக்கு உரியவர்கள் அல்லர் என்று அந்தச் சபையில் கைதூக்கி முடிவு செய்தார்கள். மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. 55 வருடங்கள்!

இன்னும் பாருங்கள். 1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டி வந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டமூலம் சபைக்கு வந்தபோது, தமிழ்த் தலைவர்கள் எதிரே காலி முகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டார்கள். சிங்களம் மட்டும் வேண்டும் என்று உரத்துக் குரல் கொடுத்தவர்களில் எமது வெலிமடைத் தொகுதியின் கே.எம்.பி. ராஜரத்னவும் ஒருவர். 1970 இல் கலாநிதி என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது 50, 100 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. காசை வங்கியில் போடாமல் வீட்டில் கட்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை மூத்த வியாபாரிகள் இன்றும் சொல்வார்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் கைமாறின. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகவே கட்டுப்பாடு இருந்த காலம் அது. தோட்டங்களில் பட்டினி. எமது கடைகளில் வெறும் தட்டு.

எல்லாம் கெடுதி என்று சொன்னால் அது அநீதியாகும். 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் 1956 இன் வக்பு சட்டமும் அதே கட்டடத்தில்தான் பிறந்தன. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதியை அன்றைய அரசாங்கம் நிறுத்தியதால்தான் வெலிமடைக் கிழங்குக்குச் சந்தை கிடைத்தது. எத்தனையோ வீடுகள் கல்வீடுகளாகின. 1990களின் நடுப்பகுதியில் அந்த வாசல் திறக்கப்பட்டதும் அதே விவசாயி கடனாளியானான். அவனுக்கு உரமும் விதையும் கடன் கொடுத்த கடைக்காரனும் கூடவே விழுந்தான். கிழங்கு மண்ணில்தான் விளைகிறது. ஆனால் அதன் விலையைக் கொழும்பில் போடும் ஒரு கையெழுத்தும் தீர்மானிக்கிறது.

கதவைத் திறக்கலாமே

இத்தனை கதை கொண்ட ஒரு கட்டடத்தை நினைத்த நாளில் டிக்கட் எடுத்துப் பார்க்க வழியில்லை. அது ஓர் அலுவலகம். பாடசாலை மாணவர்களைக் குழுக்களாக அழைத்துக் காட்டும் நிகழ்ச்சிகள் அண்மைக் காலத்தில் நடந்திருக்கின்றன. அது நல்ல ஆரம்பம். ஆனால் போதாது.

சிங்கப்பூரைப் பாருங்கள். அவர்களுடைய பழைய பாராளுமன்றம் 1827 இல் மெக்ஸ்வெல் என்ற வணிகருக்காகக் கட்டப்பட்ட வீடு. 1999 இல் பாராளுமன்றம் புதிய கட்டடத்துக்குப் போனது. 2004 இல் பழையதைக் கலை இல்லமாகத் திறந்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் 1927 முதல் 1988 வரை இருந்த பழைய பாராளுமன்றம் இன்று ஜனநாயக அருங்காட்சியகம். பிரதமர் இருந்த அறையையும் உறுப்பினர்கள் அமர்ந்த ஆசனங்களையும் பிள்ளைகள் நேரில் பார்க்கிறார்கள்.

நாம் வியாபாரிகள். நல்ல சரக்கைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்துவிட்டு வருமானம் இல்லை என்று அழுபவனைப் பார்த்து என்ன சொல்வோம்? டொலர் வேண்டும், உல்லாசப் பிரயாணி வேண்டும் என்று நாடே பேசுகிறது. காலி முகத்திடலைச் சுற்றிலும் பெரிய ஹோட்டல்கள். எதிரே கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகரம். நடுவில் நிற்கிறது இந்தக் கட்டடம். வரும் வெளிநாட்டவர் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். உள்ளே போனால் ஒரு மணித்தியாலம் நிற்பார். விளக்கம் சொல்பவருக்கு வேலை கிடைக்கும். வாசலில் தேநீர்க் கடைக்கும் புத்தகக் கடைக்கும் வியாபாரம் கிடைக்கும்.

பாதுகாப்பு என்று சொல்வார்கள். அது நியாயமான கவலைதான். 2022 ஏப்ரலில் அதே வாசலை மறித்துப் போராட்டக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். ஜூலை 9ஆம் திகதி கட்டடமே அவர்கள் கையில் போனது. 22ஆம் திகதி அதிகாலையில் படையினர் மீட்டார்கள். ஆனால் அதே நாட்களில், ஜனாதிபதி மாளிகையைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரிசையில் நின்றதையும் நாம் கண்டோம். பார்க்க வேண்டும் என்ற ஆசை மக்களிடம் இருக்கிறது. முறையான வாசல் இருந்தால் அவர்கள் முறையாக வருவார்கள். அலுவலகம் மூடியிருக்கும் சனி, ஞாயிறு தினங்களில், பெயர் பதிந்து, சோதனை செய்து, பழைய சபா மண்டபத்தை மட்டுமாவது காட்டலாம். அங்கு நடந்தவற்றை மூன்று மொழிகளிலும் எழுதி வைக்கலாம். பிரஜாவுரிமைச் சட்டத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதி, செலவை மறைக்கும் கணக்கு கணக்கல்ல.

எமது பங்கு

அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது. நோன்புக்கு முன் சரக்கெடுக்கக் கொழும்பு போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கதவு திறக்கும்வரை வெளியிலிருந்தாவது காட்டுங்கள். மகன் என்னிடம் கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளையும் கேட்கும். பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள். வெலிமடையிலிருந்து யார் யார் அங்கு போனார்கள், என்ன பேசினார்கள் என்பது ஹன்சாட்டில் பதிவாகியிருக்கிறது. அதுவும் ஒரு கணக்குக் கொப்பிதான். நாம்தான் புரட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது விடயம் இதைவிட முக்கியமானது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தும் வர்த்தமானி வந்தது. அது வந்த பிறகுதான் நாம் விழித்தோம். கிழங்கு விவசாயி சரிந்தான். கடைக் கடன்கள் திரும்பவில்லை. வரி, இறக்குமதித் தீர்வை, விலைக் கட்டுப்பாடு எல்லாமே எமக்கு இப்படித்தான் வந்து சேர்கின்றன. வந்த பிறகு கடையடைப்புச் செய்வதைவிட, வருமுன் எமது தொகுதிப் பிரதிநிதியைச் சந்தித்து எழுத்தில் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு ஊர் வர்த்தக சங்கத்திலும், வரவிருக்கும் சட்டமூலங்களைப் படித்துச் சொல்ல, படித்த இளைஞர்கள் இருவரை நியமிக்கலாம். கலந்தாலோசனையை ஷூரா என்று மார்க்கம் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதைப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

அப்போதும் அடுத்தவன் பிரச்சினை, எமது பிரச்சினை என்று பிரித்துப் பார்க்காதிருப்போம். 1948 இல் வாக்கை இழந்தவன் தோட்டத் தொழிலாளி. அந்த இழப்பு எமது கொப்பிக்கு வந்து சேரப் பல வருடங்கள் எடுத்தன. ஆனால் வந்து சேர்ந்தது.

வாப்பாவின் அந்தக் கொப்பி இன்னும் எம்மிடம் இருக்கிறது. அந்தப் பெரியவரின் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டு, "முடிந்தது" என்று வாப்பா எழுதியிருக்கிறார். அடுத்த தடவை மகனுக்கு அதைக் காட்டிவிட்டுத்தான் கொழும்புக்குக் கூட்டிப் போவேன், இன்ஷா அல்லாஹ்.