சுயேச்சைக்கு ஏற்ற களம் வார்டுதான்!

தேர்தல் அறிவிப்பு வெளியானதும் நமது கடைவீதிகளில் ஒரு பேச்சு கிளம்பும். "எந்தக் கட்சிக்குப் போட்டும் பயனில்லை. நம்மில் நல்லவர் ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தினால் என்ன?" தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் கேட்கிறார். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் கடை வைத்திருப்பவரும் கேட்கிறார். அடையாறில் செல்போன் கடை நடத்தும் இளைஞரும் கேட்கிறார்.

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2016இல் நாகப்பட்டினத்தில் தமீமுன் அன்சாரி வென்றது இரட்டை இலைச் சின்னத்தில். 2021இல் பாபநாசத்தில் ஜவாஹிருல்லாவும் மணப்பாறையில் அப்துல் சமதும் வென்றது உதயசூரியன் சின்னத்தில். வெற்றி கிடைத்தது உண்மை. ஆனால் அடுத்த கட்சியின் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் பார்வையில் அந்தக் கட்சியின் உறுப்பினரே. அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவு அவரையும் கட்டும். "யாருக்கும் கட்டுப்படாத ஒருவர் வேண்டும்" என்று நம் இளைஞர்கள் ஏங்குவதில் வியப்பென்ன?

ஆனால் ஏக்கம் வேறு, கணக்கு வேறு. கணக்குப் பார்க்காமல் கொள்முதல் செய்யும் வியாபாரி உண்டா? ஓட்டுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

தென்சென்னை சொல்லும் பாடம்

2009 நாடாளுமன்றத் தேர்தலில் தென்சென்னைத் தொகுதியில் சரத்பாபு என்ற இளைஞர் சுயேச்சையாக நின்றார். மடிப்பாக்கத்தில் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். தாய் இட்லி விற்றுப் படிக்க வைத்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பட்டம் பெற்றும் பெரிய சம்பள வேலையைத் தேடிப் போகாமல், ஃபுட்கிங் என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கி ஊரில் பலருக்கு வேலை கொடுத்தார். படித்தவர், உழைத்தவர், வணிகர், கறை படாதவர். சுயேச்சை வேட்பாளருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? படித்த இளைஞர்கள் பலர் அவருக்காக உழைத்தார்கள். பத்திரிகைகள் எழுதின.

கிடைத்தது சுமார் 15 ஆயிரம் ஓட்டு. அ.தி.மு.க.வின் சி.ராஜேந்திரன், தி.மு.க.வின் ஆர்.எஸ்.பாரதியைத் தோற்கடித்து வென்றார். சரத்பாபு 2011இல் வேளச்சேரி சட்டமன்றத் தொகுதியிலும், அதே ஆண்டு சென்னை மேயர் தேர்தலிலும் நின்று தோற்றார். 2021இல் மக்கள் நீதி மய்யத்தின் வேட்பாளராக ஆலந்தூரில் நின்றார். அவரை நாம் குறை சொல்லவில்லை. தனி மனிதர் ஒருவர் எத்தனை தேர்தலைத் தாங்குவார்?

அந்த 15 ஆயிரம் ஓட்டை எண்ணிப் பாருங்கள். விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தி.நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் அது சிதறிக் கிடந்தது. கடலில் கரைத்த பெருங்காயம்! அதே ஓட்டு ஒரே வார்டில் விழுந்திருந்தால்?

2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒரு சுயேச்சை கூட வெல்லவில்லை. உணர்ச்சிவசப்படும் முன் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும்.

எல்லாச் சுயேச்சையும் சுயேச்சை அல்ல

"தினகரன் வென்றாரே" என்று சிலர் கேட்கலாம். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் டி.டி.வி.தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அவர் கட்சியில்லாதவர் அல்ல. கட்சி உடைந்து, சின்னம் கைவிட்டுப் போனவர். 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ.பன்னீர்செல்வமும் அப்படியே. முதலமைச்சராக இருந்தவர், 3 லட்சத்து 42 ஆயிரம் ஓட்டு வாங்கியும் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனியிடம் தோற்றார். நவாஸ்கனி நின்றது சொந்த ஏணிச் சின்னத்தில், கூட்டணி பலத்தோடு.

1980இல் வேலூரில் சிராஜுல் மில்லத் அப்துல் சமது சாஹிபும் சுயேச்சை என்ற பெயரிலேயே நாடாளுமன்றம் சென்றார். அவர் பின்னால் ஓர் இயக்கமே நின்றது.

இன்னொரு வகை உண்டு. ஓட்டைப் பிரிப்பதற்கென்றே நிறுத்தப்படுபவர்கள். ராமநாதபுரத்தில் பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் களமிறங்கினார்கள். நமக்கு இது புதிதல்ல. சிதறி வாழும் சமுதாயத்தின் ஓட்டைச் சிதறடிக்க ஒரு பெயர், ஒரு தொப்பி, ஒரு சுவரொட்டி போதும்.

மூன்றாவது வகை, கோபத்தைக் காட்ட நிற்பவர்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமானது. வென்றது தி.மு.க.தான். அதன்பின் சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இன்று அது 10,000 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 25,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது.

வார்டுக் கணக்கு

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கள். 2022 பிப்ரவரி தேர்தலில் நகரில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். அப்படியானால் ஒரு வார்டில் விழுந்தது சராசரியாகப் பதின்மூன்றாயிரம் ஓட்டு. பலமுனைப் போட்டியில் ஐந்தாயிரம், ஆறாயிரம் ஓட்டு வாங்குபவர் மாமன்றம் செல்லலாம். தி.மு.க. தனித்தே 153 வார்டுகளை அள்ளிய அந்த அலையிலும் 5 சுயேச்சைகள் வென்றார்கள். 200இல் 5 குறைவுதான். ஆனால் பூஜ்யம் அல்ல.

ஐந்தாயிரம் பேரை வீடு வீடாகச் சந்திக்க ஹெலிகாப்டர் வேண்டாம். மாலையில் கடையை மூடிய பிறகு நான்கு இளைஞர்கள் நடந்தால் போதும்.

வார்டில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கழிவுநீர் தேங்குவதும், குப்பை அள்ளாததும், தெருவிளக்கு எரியாததும் வார்டுப் பிரச்சினைகள். தொழில் உரிமக் கட்டணமும் சொத்து வரியும் மாமன்றத்தில் தீர்மானமாகின்றன. 2013இல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019இல் அதே தெரு நடைபாதை வளாகமானது. இப்படிப்பட்ட முடிவுகள் வரும்போது வியாபாரியின் நிலையை எழுந்து சொல்ல ஒருவர் வேண்டாமா? 2016 அக்டோபர் முதல் 2022 வரை மாமன்றமே இல்லாமல் அதிகாரிகள் ஆட்சி நடந்தது. தட்டுவதற்குக் கதவு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதைக் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆதரிக்கும் முன்

ஓர் ஓட்டை இருக்கிறது. சுயேச்சையாக வென்ற எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போய்விடும். 1985இல் வந்த அந்தச் சட்டம் மாநகராட்சி உறுப்பினரைத் தொடாது. இன்று சுயேச்சை, நாளை ஆளுங்கட்சி என்று போவதைச் சட்டம் தடுக்காது. மக்கள்தான் தடுக்க வேண்டும்.

எனவே நமது ஆதரவுக்கு நிபந்தனை வேண்டும். வேட்பாளர் அந்த வார்டிலேயே வசிப்பவராக, தேர்தலுக்கு முன்பே தெருவுக்கு உழைத்தவராக இருக்க வேண்டும். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ நமது ஓட்டு மட்டும் யாரையும் வெல்ல வைக்காது. ஆகவே அவர் கோயில் தெருக்காரருக்கும் மாதா கோவில் தெருக்காரருக்கும் வேண்டியவராக இருக்க வேண்டும். அவர் முஸ்லிமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாங்கும் சந்தாவுக்கு ரசீதும், செலவுக்குக் கணக்கும் வேண்டும். வென்ற பின் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை என்று வார்டு மக்கள் முன் எழுதித் தர வேண்டும். ஒரு வார்டில் நம்மவர் இருவர் நின்றால் ஜமாஅத்தும் வியாபாரிகளும் அமர்ந்து பேசி ஒருவரை விலக வைக்க வேண்டும். பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. கணவரின் கையெழுத்தாக இல்லாமல், தானே பேசத் தெரிந்த சகோதரிகளை இப்போதே தயார் செய்ய வேண்டும்.

2022இல் தேர்வான மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு நிறைவடைகிறது. வேட்பு மனுவுக்குக் கடைசி நாளன்று ஆள் தேடுவது நமது பழைய நோய். அதை விட்டொழிப்போம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நம் ஓட்டைச் சிதறாமல் காப்போம். வார்டில் தகுதியானவரைக் கண்டால் கட்சி பார்க்காமல் தோள் கொடுப்போம்.

ஓட்டு ஓர் அமானிதம். அதைக் கோபத்தில் வீசி எறிபவரும், காசுக்கு விற்பவரும் இழப்பது ஒன்றையே. உங்கள் வார்டு எண் எது, உங்கள் மாமன்ற உறுப்பினர் யார்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாதவர்கள், சுயேச்சையைத் தேடும் முன் அதைத் தெரிந்துகொள்ளட்டும். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.