பனிக்கட்டிக்கு எத்தனை சொற்கள் என்பது பிழையான கேள்வி

சென்ற வாரம் முதலாமாண்டு முதுகலை மாணவர்களின் மொழியியல் விடைத்தாள்களைத் திருத்த நேர்ந்தது. மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு குறித்த வினாவுக்குப் பலரும் ஒரே எடுத்துக்காட்டைத் தந்திருந்தனர்: எஸ்கிமோ மக்களிடம் பனியைக் குறிக்க எண்ணற்ற சொற்கள் உள்ளன. ஒருவர் 50 என்றார், இன்னொருவர் 100, மூன்றாமவர் 400. யார் எண்ணினார், எதை எண்ணினார் என்று ஒருவரும் எழுதவில்லை. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. நானும் அதே வகுப்பில் இதையே எழுதி மதிப்பெண் பெற்றவன்.

இக்கதையின் வரலாறு நம் துறைக்குப் புதிதன்று. 1911-இல் பிரான்ஸ் போவாஸ் நான்கு சொற்களை மட்டுமே காட்டினார். 1940-இல் வோர்ஃப் எழுதிய கட்டுரையில் அது சற்றே வளர்ந்தது. பின்னர் பாடநூல்களும் நாளிதழ்களும் விருப்பம்போல் பெருக்கின. லாரா மார்ட்டின் 1986-இல் இந்த வளர்ச்சியின் தடத்தைக் காட்டினார். ஜெஃப்ரி புல்லம் 1989-இல் அதை எள்ளி நகையாடினார். ஒட்டுகளைத் தொடுத்து ஒரு சொல்லை வாக்கியம் அளவுக்கு நீட்டவல்ல இன்யூயிட் மொழிகளில் சொற்களை எண்ணுவதற்கே பொருளில்லை. 'வா' என்னும் வினையின் வடிவங்களை எண்ணி, வருகைக்குத் தமிழில் ஆயிரம் சொற்கள் உண்டென்று பெருமை பேசுவதைப் போன்றது அது.

ஆனால் கட்டுக்கதையை உடைத்ததோடு நம் பணி முடிந்தது என்று நாம் கருதியதே என் மனக்குறை. எத்தனை சொற்கள் என்பதை விட்டு, அச்சொற்கள் எதற்காக என்று கேட்டிருக்க வேண்டும்.

ஃபின்லாந்தின் ஏரிகளில் நடுக்குளிர்காலத்தில் மீன்பிடிப்போரை எண்ணிப் பாருங்கள். திருகுத் துரப்பணத்தால் பனிக்கட்டியில் துளையிட்டு, முழம் அளவுள்ள தூண்டிலுடன் அதன் அருகே அமர்ந்திருப்பார்கள். நீர் 4 பாகை செல்சியசில் அடர்த்தி மிகுந்து அடியில் தங்குவதால் மேற்பரப்பு உறைந்தாலும் கீழே மீன்கள் வாழ்கின்றன. இவ்வாறு மீன்பிடிக்க அந்நாட்டில் கட்டணமும் இல்லை, அனுமதிச் சீட்டும் பொதுவாகத் தேவையில்லை. அது எல்லோருக்கும் உரிய உரிமை. ஆனால் துளையிடும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இந்தப் பனிக்கட்டி என்னைத் தாங்குமா?

தெளிந்து கருமையாகத் தோன்றும் பனிக்கட்டிக்கு ஃபின்னிஷ் மொழியில் 'தெராஸ்யா' என்று பெயர். எஃகுப் பனிக்கட்டி என்பது பொருள். பனிப்பொழிவு நீரில் ஊறி வெண்மையாக உறைந்தது 'கோஹ்வயா'. முன்னது 5 செ.மீ. இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் அளவு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 4 அங்குலம் கேட்கிறது. பின்னதற்கோ ஏறத்தாழப் பாதி வலிமைதான். பிளவுக்கு 'ரைலோ' என்று தனிப்பெயர் உண்டு. நீரில் விழுந்தால் பனிக்கட்டியின் விளிம்பைக் குத்திப் பற்றி மேலேற, கழுத்தில் மாட்டிச் செல்லும் இரட்டை முட்களுக்கும் தனிப்பெயர் உண்டு. ஆக, இவை வெறும் வருணனைகள் அல்ல. ஒவ்வொரு பெயரிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது: நட, நில், திரும்பிப் போ.

வோர்ஃபைப் பின்வாசலால் அழைத்து வருகிறேன் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இல்லை. தெளிந்த பனிக்கட்டி, வெண்பனிக்கட்டி என்று நான் தமிழில் சொன்னதும் உங்களுக்கு வேறுபாடு விளங்கிவிட்டது. எந்த மொழியும் யாருடைய கண்ணையும் மறைக்கவில்லை. ஆனால் விளங்குவது வேறு, காலடியில் இருப்பது இரண்டில் எது என்று அறிவது வேறு. இரண்டாவது, ஏரியின்மேல் மூத்தவர் ஒருவர் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லும்போது மட்டுமே வருகிறது. அகராதியால் அதைத் தர இயலாது.

'அபாயா' என்ற சொல் இதற்கு நல்ல சான்று. பெருவலை வீசுவதற்கு ஏற்ற நீரிடம் என்பது அதன் பொருள். குளிர்காலத்தில் நீண்ட கழிகளைக்கொண்டு துளைக்குத் துளை பனிக்கட்டிக்கு அடியில் வலையைச் செலுத்தும் மீனவர்களுக்கு, அடித்தரையின் மேடுபள்ளம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வலை கிழியும். இன்றைய நகரத்தார் மலிவாகப் பொருள் கிடைக்கும் கடைகளையும் 'அபாயா' என்கிறார்கள். சொல் பிழைத்துக்கொண்டது. அடித்தரையைப் பற்றிய அறிவு அச்சொல்லோடு நகரத்துக்கு வரவில்லை.

பனிக்கட்டியே இப்போது குறைந்துவருகிறது. ஜப்பானின் சுவா ஏரி உறையும் நாளை 1443 முதலும், ஃபின்லாந்து-சுவீடன் எல்லையில் ஓடும் தோர்னே ஆற்றின் பனிக்கட்டி உடையும் நாளை 1693 முதலும் பதிந்து வந்திருக்கிறார்கள். உறைவது தாமதமாகிறது, உடைவது முந்துகிறது என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன. வட சாமி மொழியில் பனியும் பனிக்கட்டியும் சார்ந்த 175 முதல் 180 வரையிலான அடிச்சொற்கள் உள்ளதாக ஓலே ஹென்ரிக் மக்கா 2006-இல் எழுதினார். அவற்றுள் எத்தனை அடுத்த தலைமுறையின் காலடியில் இருக்கும்?

இங்கே இனாரி சாமி மக்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. இனாரி ஏரியை நம்பி வாழ்ந்த மீனவச் சமூகம் அது. பேசுவோர் சில நூறு பேர். ஃபின்னிஷ் வழிப் பள்ளிக்கல்வியால் ஒரு தலைமுறையே மொழியை இழந்திருந்தது. 1997-இல் குழந்தைகளுக்கு மொழிக்கூடு தொடங்கினார்கள். 2009-10-இல் பணிபுரியும் வயதினருக்கு ஓராண்டுப் பயிற்சி நடத்தினார்கள். வகுப்பறையோடு நில்லாமல், மூத்தவர்களை ஆசான்களாக ஏற்று, அவர்கள் வீட்டிலும் வேலையிலும் உடனிருந்து பேசப் பழகினார்கள்.

நாம் செய்வது என்ன? என் முதல் களப்பணி கிழக்கிந்தியாவில் ஒரு நீர்த்தேக்கக் கரையில். கையில் ஸ்வாதேஷின் 207 சொற்பட்டியல். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவரிடம், பனிக்கட்டிக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று சித்திரை வெயிலில் கேட்டேன். அவர் மீன்பெட்டியைக் காட்டி 'பரஃப்' என்றார். கடன்சொல் என்று குறித்துக்கொண்டேன். பட்டியலில் 'ஏரி' இருந்தது, அதையும் கேட்டேன். அவர் கைகளில் இருந்த முடிச்சின் பெயரைக் கேட்கவில்லை. எந்த நீரில் எந்தக் கண்ணளவு வலை இறங்கும் என்றும் கேட்கவில்லை. மறு ஆண்டு சென்றபோது அவர் உயிருடன் இல்லை. என் தரவுத்தாளில் 207 கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன.

ஒப்பீட்டுக்குப் பட்டியல் தேவை. அதை எறியச் சொல்லவில்லை. பட்டியலுக்கு முன் வேலையைப் பதிவு செய்வோம் என்கிறேன். மொழி தருபவரை 'தகவலாளி' என்று எழுதாமல் ஆசிரியர் என்று எழுதி, ஆசிரியருக்குரிய ஊதியத்தை நிதிக் கோரிக்கையிலேயே சேர்ப்போம். ஆய்வேட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பார்கள்; எனக்கும் உண்டு. இந்தக் குளிர்காலத்தில் மீண்டும் அந்தக் கரைக்குச் செல்கிறேன். முதல் ஒரு மாதம் பட்டியலைப் பையிலிருந்து எடுப்பதாக இல்லை.