ரப்பர் தோட்டத்து ஜீப்

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால் சற்று தூரத்தில் பாறசாலை. கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். டீக்கடைப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தபோது, கேட்டும் கிடைக்காமல் போன தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எல்லை போட்டாகிவிட்டது. ஆனால் ஜீப் கெட்டுப்போனால் இரு பக்கத்துக்காரர்களும் ஒரே பட்டறைக்குத்தான் போகிறார்கள். அங்கே தலைமை மெக்கானிக்குக் கிடைக்கும் பட்டம் இரண்டு மொழிக்கும் பொது: ஆசான்.

என் மைத்துனருக்கு வெள்ளறடைப் பக்கம் சிறிய ரப்பர் தோட்டம். அவருடைய மகிந்திரா ஜீப் 1997-ல் பதிவானது. 2523 சி.சி. டீசல் என்ஜின். ரப்பர் ஷீட், உரமூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண் என்று அது ஏற்றாத சுமை கிடையாது. அந்தச் செம்மண் ஏற்றத்தில் வேறு வண்டி ஏறாது என்பதால் 'வித்துவிடலாம்' என்ற யோசனை அவருக்கு இலகுவில் வராது. போன வருஷம் வந்துவிட்டது. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் நீலப் புகை, காலையில் ஸ்டார்ட் ஆக நாலு பேர் தள்ள வேண்டும். "அத்தான், இதை எடைக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டார். கையில் இருந்தது 60,000 ரூபாய். அந்தப் பணத்துக்குப் புது வண்டியின் முன்பணம்கூடத் தேறாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பே இதே ஜீப்புக்கு ஒரு பட்டறையில் 'என்ஜின் வேலை' நடந்திருந்தது. ரிங் மட்டும் மாற்றினார்கள். செலவு குறைவு, சந்தோஷம் ஆறு மாதம்.

இந்த முறை பாறசாலை ஆசானிடம் கொண்டுபோனோம். வண்டியைச் சுற்றி வந்தார், புகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "சாரே, புகையப் பாத்து ரூபா பறையப்பிடாது. அளந்துட்டுப் பறையேன்" என்றார். பட்டறைக்காரர் வாயில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் வண்டியை நம்பி விட்டுவிட்டு வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஓடுகிற என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளியது. எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுவதை விட்டு, ரிங்கின் ஓரமாக நழுவிக் கீழே இறங்குகிறது. அடுத்து கம்ப்ரஷன் கேஜ். ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்து, பிறகு ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் தேய்மானம் ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். டீசல் என்ஜினில் டீஸ்பூன் என்றால் டீஸ்பூன்தான். பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகச் சிறியது. தாராளமாக ஊற்றினால் ஆயில் நசுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எங்கள் ஜீப்பில் நாலு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறியது.

பிரித்த பிறகு ஆசான் போர் கேஜை எடுத்தார். இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் புதிதில் 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். அடியில் கிட்டத்தட்ட அதே அளவு. மேலே, முதல் ரிங் திரும்பும் இடத்தில், மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடுதல். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவில் இருந்தது. வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்க, ஆயில் குறைவாகக் கிடைக்கும் இடம் அதுதான். தேய்மானம் எப்போதும் அங்கேதான் தொடங்கும். ரிங் போகாத உச்சியில் மட்டும் பழைய சுவர் ஒரு வரம்புபோல் நின்றது. முட்டை வடிவத் துளையில் புது ரிங்கைப் போட்டால் அது வட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும். வரம்பில் இடித்தால் உடையும். போன தடவை போட்ட ரிங்குகளில் ஒன்று இரண்டு துண்டாகவே வெளியே வந்தது.

இந்த என்ஜினின் பூர்வீகம் டிராக்டர். 1963-ல் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் கூட்டு சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கின. அந்த பி-275 டிராக்டரின் டீசல் என்ஜின்தான் பிறகு ஜீப்புக்குள் வந்தது. 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டு துளையை மட்டும் பெரிதாக்கியதில் பிறந்தது 2523 சி.சி. வேகத்தில் சோம்பேறி, இழுவையில் எருமை. திறந்து மூடித் திறந்து மூடி இன்னொரு தலைமுறை ஓட்டுவதற்கென்றே செய்தது போன்ற கட்டுமானம். நாகர்கோவில் கடைத்தெருவில் இன்றும் லைனர், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட் கிடைக்கிறது.

பணத்தை எங்கே போடுவது என்பதில் மைத்துனருக்கும் ஆசானுக்கும் அரைநாள் வாக்குவாதம். மைத்துனருக்குப் பெயின்டும் புது சீட்டும் வேண்டும். ஆசான் அசையவில்லை. லைனர், பிஸ்டன் செட் கட்டாயம். கிராங்க் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் பார்த்ததில் மெயின் ஜர்னல்கள் அளவுக்குள் இருந்தன, கனெக்டிங் ராடு பிடிக்கும் ஜர்னல்களில் கீறல். அவற்றை மட்டும் பத்துக்குக் கடைந்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங். பத்து என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு, கால் மில்லிமீட்டர். ஃபியூயல் பம்பைப் பிரிக்கவில்லை; பெஞ்சில் வைத்துப் பார்த்ததில் சரியாகவே இருந்தது. நாசில் நான்கும் புதிது. என்ஜின் வெளியே வந்த சமயம் என்பதால் கிளட்ச் பிளேட்டும் பின் ஆயில் சீலும் மாற்றியாயிற்று. அவற்றுக்காக இன்னொரு முறை இறக்கினால் கூலியே சாமான் விலையைத் தாண்டும். ஸ்டார்ட்டர், டைனமோ, சீட், பெயின்ட் எதையும் தொடவில்லை.

முன்பெல்லாம் நாகர்கோவிலில் வாங்கிய சாமானை அமரவிளை வணிகவரிச் சாவடி வழியே கொண்டுவர பில், விளக்கம், காத்திருப்பு என்று ஒரு பகல் போகும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. வரிதான் 28 சதவீதமாக உட்கார்ந்திருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். எங்கள் பில் அதற்குப் பிறகு போட்டது. சின்ன அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டத்தைச் சரிக்கட்ட இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஜீப்புக்கு அடுத்த தவணை 2027. இருபது வயது தாண்டிய இலகுரக வாகனத்துக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டது. வேறு வண்டியின் என்ஜினைத் தூக்கி வைத்தால் மலிவாக முடியும் என்று சிலர் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அதற்கு முன் அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் பரிசோதனையன்று வண்டி அலுவலக வாசலிலேயே நிற்கும். தமிழ்நாட்டு நம்பர் ஜீப்பை மலிவாக வாங்கிக் கேரளத்தில் வைத்து ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலத்துப் பதிவெண் வாங்கியாக வேண்டும், அதற்குப் பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

நான்காம் நாள் என்ஜினை மூடப்போகும் நேரத்தில் ஆசான் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை தேய்மானம் எங்கிருந்து வந்தது? எங்களிடம் பதில் இல்லை. வயசு என்றேன். அவர் ஏர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே செம்மண் பூசியிருந்தது. தோட்டத்துப் பாதையின் தூசி முழுவதும் ஆயில் குளியல் ஏர் கிளீனரைச் சுற்றிக்கொண்டு நேராக சிலிண்டருக்குள் போய், உப்புத்தாள் போலச் சுவரைத் தேய்த்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ரிங் மாற்றியபோதும் அந்த வெடிப்பு இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. ரப்பர் விற்றுப் பிழைக்கிற மனிதரின் என்ஜினை ஒரு ரப்பர் குழாய் தின்றுவிட்டது. பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை, மைத்துனர் முகம் அப்படி இருந்தது.

மொத்தச் செலவு 71,000 வந்தது. மீதி 11,000-க்கு நான் பொறுப்பு.

ஒரு விஷயத்தில் ஆசானோடு எனக்குச் சண்டை. புது என்ஜினை ராத்திரி முழுக்க ஐட்லிங்கில் விட்டு 'செட்' ஆக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. டீசல் என்ஜினுக்கு அது கெடுதல். சுமையில்லாமல் ஓடினால் ரிங்கைச் சுவரோடு அழுத்தப் போதுமான வாயு அழுத்தம் கிடைக்காது. ஹோனிங்கில் போட்ட குறுக்குக் கோடுகள் பளபளத்து வழவழப்பாகிவிடும், அப்புறம் ஆயில் குடிப்பது நிற்கவே நிற்காது. மிதமான சுமையோடு, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதே சரி. அரைமணி நேரத்தில் ஆசான் இறங்கி வந்தார். மூன்று உரமூட்டையை ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரை வரை போய் வந்தோம். ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினார்.

இப்போது மைத்துனர் ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குக் கிளம்புமுன் பானெட்டைத் தூக்கி ஹோஸ் கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் ஒருமுறை திருகிப் பார்க்கிறார். ஜெபமாலையும் ஸ்குரூ டிரைவரும் ஒரே சட்டைப்பையில்.