பக்கத்தில் நின்று கற்றது

வெளிநாட்டிலிருந்து பெரிய யந்திரம் வாங்கினால் கூடவே ஒரு புத்தகமும் வரும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது சுழலும் என்று படத்தோடு விளக்கியிருப்பார்கள். ஆனால் ஜெர்மனியில் அச்சான புத்தகத்துக்கு நெய்வேலி மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

1957-ம் வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். அதுவரை மேல் மண்ணோடு மல்லுக்கட்டு! ஜெர்மனியின் மிருதுவான மண்ணை அநாயாசமாக வெட்டிய வாளிச் சக்கர யந்திரத்துக்கு, இங்கே கடலூர் மணற்பாறையில் பல் தேய்ந்தது. முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்த வேண்டும் என்பது இங்கே பட்டுத் தெரிந்த பாடம். அடியிலோ வேறு விவகாரம். கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் மேல்நோக்கி முட்டுகிறது. பம்புகள் ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும்.

புதிதாக வருகிற பையன் இதையெல்லாம் எப்படிக் கற்பான்? 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. உதவித் தொகை உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சக்கரத்தின் சத்தம் மாறும்போதே, "கல் மாட்டியிருக்கு தம்பி, நிறுத்து" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுகிற பையன் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அடிக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்கிறான் அல்லவா? அதே கதைதான்.

1962-ல் முதல் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தபோது பக்கத்தில் நின்றவர்கள் ரஷ்ய நிபுணர்கள். அந்த நிலையம் 2020-ல் மூடப்பட்டது. யந்திரங்களைக் கழற்றி விற்றுவிடலாம். அவற்றோடு பழகியவர்களின் கண்ணும் காதும் பென்ஷனோடு வீட்டுக்குப் போய்விட்டால்?

அதே 2020-ல் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் மே மாதம் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று பாய்லர் விபத்துகள். பல உயிர்கள் போயின. காரணம் சொல்வது என் வேலையல்ல. பாய்லர் அருகே தப்புச் செய்து திருந்திக்கொள்ள அவகாசம் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

ஆனாலும் நம் ஆபீஸ்களில் கற்றுக் கொடுப்பதை ஓய்வு நேர உபகாரமாகத்தான் நினைக்கிறார்கள். ஷிப்டு முடிந்தும் நின்று சொல்லிக் கொடுத்த சீனியருக்கு ஓவர்டைம் உண்டா? பிரமோஷனில்தான் ஒரு மார்க் உண்டா? ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போதே இரண்டு பையன்களை அவரிடம் ஒப்படைத்து, "இனி இதுதான் உங்கள் வேலை" என்று ஆர்டர் போட்டால் என்ன? மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்புகிற விழா அதற்கப்புறம் நடக்கட்டும்.