யார் தோளில் ஏறினால் அவமானம்?

தோழர்களே, லாலியைப் பள்ளியில் படித்திருப்போம். 1760இல் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி. அவருடைய அப்பா அயர்லாந்துக்காரர்; கத்தோலிக்கர்களுக்கு அங்கே வாழ்வில்லை என்றானபின் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவர். மகன் 1745இல் ஃபோன்தெனுவா போரில் காட்டிய வீரத்துக்குப் போர்க்களத்திலேயே பிரிகேடியர் பதவி வாங்கினார்.

அதே 1745இல் புதுச்சேரியில் இன்னொரு வீரம் நடந்தது. சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது. "நாங்களும் உங்கள் சீடர்கள்தானே" என்று நம் மக்கள் பாதிரியார்களிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது; காரைக்கால் பாதிரியாரும் அதில் வருகிறார். இதற்கு யாரும் பதவி தரவில்லை.

1758 ஏப்ரலில் லாலி புதுச்சேரியில் இறங்கினார். கடலூர்க் கோட்டையைப் பிடிக்க வேண்டும், வண்டியில்லை, மாடில்லை. கையில் கிடைத்த ஊர்க்காரர்களையெல்லாம் சாதி பார்க்காமல் பிடித்து மூட்டை தூக்க வைத்தார், பீரங்கி இழுக்க வைத்தார்.

வரலாற்று நூல்கள் இன்றுவரை மன்னிக்காத குற்றம் இதுதான். எது குற்றம் என்று கவனியுங்கள். மனிதர்களைப் பிடித்துக் கூலியில்லாமல் சுமக்க வைத்ததா? இல்லை. உயர்சாதித் தோளையும் பறையர் தோளையும் ஒரே சுமைக்குக் கீழே நிறுத்தியது! அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சுமை யார் தலையில் இருந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சேரிக்காரன் சுமந்தால் அது வழக்கம். மற்றவன் சுமந்தால் வரலாறு.

சரி, லாலி சாதியை உடைத்தவர் என்று கொண்டாடலாமா? நம்மில் சிலருக்கு அந்த ஆசை உண்டு. வேண்டாம். அவருக்குத் தேவைப்பட்டது முதுகு; சமத்துவம் அல்ல. அப்பாவை விரட்டிய ஒடுக்குமுறை மகனுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. அந்தப் படை காரைக்கால் வழியாகத் தஞ்சைக்குப் போனது. நாகூரைக் கொள்ளையடித்தது. கீழ்வேளூரில் உளவாளிகள் என்று சந்தேகித்துப் பார்ப்பனர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது. அதுவும் கொலைதான், அதில் நமக்கு மகிழ்ச்சி இல்லை. ஆகஸ்டில் தஞ்சையில் தோற்றுப் பட்டினியோடு காரைக்காலுக்கே திரும்பியது. லாலியின் தலை 1766இல் பாரிசில் வெட்டப்பட்டது; அவருக்காக வால்டேர் எழுதினார். மூட்டை தூக்கியவர்களில் ஒருவர் பெயரைக்கூட நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். அதே கீழ்வேளூர் வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. இவ்வளவு பெரிய பணக்காரர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.